ஒரே கிண்ணம்

இது அப்பாவைப் பற்றியது என்பதால் எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

இன்று இங்கே வளைகுடாவில், ஜெபல் அலி கோயிலில் நற்கருணைக்கு முன் தூபம் காட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எங்கள் உப்பளத்து ஊர்க் கோயிலில் போய் நின்றேன்.

அங்கே நற்கருணையின் திராட்சரசத்தை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும்; உப்பள முதலாளி வீட்டார்தான் முதலில் முழங்காலிடுவார்கள். அடுத்து, முதலாளியின் கணக்கப்பிள்ளையான என் அப்பா. உப்பு வாருகிறவர்கள் கடைசி. காலுக்கு பூட்ஸ் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம், குருவானவர் அவர்களை முதலில் கூப்பிட்டார். அவரை நாங்கள் ஐயர் என்போம். வெடித்த உதடுகள் பட்ட கிண்ணம் பிறகுதான் அப்பாவிடம் வந்தது.

"ஐயரே, வேலைக்கு வராதவனுவ வாய் வச்சதுலயா நாங்க குடிக்க?"

"ஆண்டவரு ரத்தத்துல முதலாளிக்குத் தனிக் கிண்ணம் கிடையாதுவே. குடியும்."

அப்பா எழுந்து வெளியே போனார். சாகும்வரை அவர் நற்கருணை வாங்கவில்லை.

நான் இங்கே தொழிலாளர் கேம்ப் சூப்பர்வைசர். ரூமில் ஏசி ஓடவில்லை என்று நேற்று சிலர் டூட்டிக்குப் போகவில்லை. நடவடிக்கை எடுக்க ஆபீஸ் அவர்கள் பெயரைக் கேட்டது. எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் முதல் பெயர் செல்வராஜ். இன்று அவன் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழப்போனான்.

"சார், நீங்க முதல்ல..."

"இருடே. நீ குடி."

அவனுக்குப் பின் குடித்தேன். வாசலுக்கு வந்து தாளைக் கிழித்தேன். நாளை ஆபீஸில் என்ன ஆகுமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இதைப் படித்தவர்கள் இப்படியே அடுத்தவருக்குச் சொல்லுங்கள். அப்பா எழுந்து போனதை மறைக்க வேண்டாம். நான் பெயர்களை எழுதி வைத்திருந்ததையும்.