கிறிக்கியேக்கு மாமா வைத்த பெயர்

தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைக்காமல் போனதற்கு மாமாதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தலைநகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரில், அடுக்குமாடி வீடொன்றின் ஏழாம் மாடியில் இருந்தோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் குடியேறிய நாட்டின் வடகோடியில், ஃபின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு அந்தக் கோடையில்தான் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். அங்கிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். "நல்ல சுகம் அக்கா, ஒரு குறையும் இல்லை" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது.

பறவைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார். அதனால் 'வடகடல் பறவைகள்' என்று தலைப்பு எடுத்தேன். இந்த நாட்டவர் கிறிக்கியே என்று அழைக்கும் கடற்பறவைதான் என் பேச்சின் நாயகி. கறுப்புக் கால்கள், மையில் தோய்த்தது போன்ற இறகு நுனி. குளிர்காலம் முழுவதும் நடுக்கடலில் இருக்கும். முட்டையிடக் கரைக்கு வந்து, செங்குத்துப் பாறையில் சேறும் கடற்பாசியும் அப்பிக் கூடு கட்டும். சில ஊருக்குள் வந்து யன்னல் விளிம்புகளில் கட்டும். எச்சத்துக்குப் பயந்து எல்லோரும் யன்னலுக்கு வலை அடிப்பார்களாம். மாமா தன் யன்னலில் அடிக்க விடவில்லையாம்.

தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காப் பறவை" என்றார்.

மேடையில் அதை மூன்று முறை அழுத்திச் சொன்னேன். நடுவராக இருந்த ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பிடியொரு பறவை தமிழிலை இல்லைப் பிள்ளை. ஆரோ உமக்குப் பகிடி விட்டிருக்கினம்."

மண்டபம் சிரித்தது. மூன்றாம் பரிசாக ஒரு பென்சில் பெட்டி தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பொய்யர் என்றேன். அம்மா அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மாமா கோபிக்கவில்லை.

"கா எண்டு கத்திறபடியால்தானே காகம்? அது கிறிக்கியே எண்டு கத்துதாம், இஞ்சத்தை ஆக்கள் சொல்லினம். எனக்கு அப்பிடிக் கேக்கேல்லை. வேலையாலை வந்து யன்னலடியிலை இருந்தால், அக்கா, அக்கா எண்டுதான் கேக்கும். நாலு வருசமும்."

அம்மா கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினார். கண்கள் சிவந்திருந்தன. முதல் பரிசு போனது என்னைவிட அம்மாவைத்தான் வாட்டுகிறது என்று எண்ணிப் பென்சில் பெட்டியை அவர் ஈரக் கையில் வைத்தேன். அடுத்த வருடம் கட்டாயம் வெல்லுவேன், அழவேண்டாம் என்றேன்.