மூன்றாம் நிலை வேண்டாம் என்ற அப்பா

எங்கள் அப்பா மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, படிப்போடு வேலையும் பார்த்து, இரண்டு அத்தைமாரைக் கட்டிக்கொடுத்தார். பிறகு ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். உறவினர் யார் ஊருக்குக் கிளம்பினாலும் எந்த வகுப்பில் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்.

என் மகள் நாள் நிறைவதற்கு வெகு முன்பே ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் பிறந்தாள். இங்கே சூடு கொடுத்து வைத்திருக்கும் வசதிதான் உண்டு, இவளுக்கு மூன்றாம் நிலைப் பிரிவு வேண்டும், திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“மூணாவதெல்லாம் வேண்டாங்க டாக்டர். எம் பேத்திக்கு முதலாவதே போடுங்க. வித்தியாசத்தை நான் கட்டிடறேன்.”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதல் நிலை சாதாரணக் கவனிப்பு. இரண்டாவதில் ஆக்சிஜனும் குழாய் வழியே பாலும் கொடுப்பார்கள். மூச்சு விடவே கருவி தேவைப்படும் குழந்தைகளுக்குத்தான் மூன்றாவது. அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பேசுகிற மனிதர் காவிரிப் பாலம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. குழந்தை பிழைக்குமா என்ற பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

திருச்சி மருத்துவமனையில் கண்ணாடிக்கு வெளியே ஜெபமாலையும் கையுமாக இருந்தார். பேத்தி தானாக மூச்சுவிட ஆரம்பித்து, இரண்டாம் நிலைக்கு மாற்றிய அன்று செவிலியர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

“சர்வீஸ் பூரா பாத்துட்டேன். கீழ் வகுப்புக்கு மாத்துனதுக்கு ஸ்வீட் குடுக்கிற ஆள் நான் ஒருத்தன்தாங்க.”

முதல் நிலைக்கு வந்தபோது வாட்ச்மேனுக்கும் கேன்டீன்காரருக்கும் கூடக் கிடைத்தது. அவர் மருமகள், என் மனைவி, குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருக்க, வெளியே இவர் வருவோர் போவோரிடமெல்லாம் நிலைகளின் கணக்கை டாக்டரைப் போலவே விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரே சிரிப்பு.

போன வருடம் இதயம் பலவீனமாகி, குடும்ப ஜெபம் முடிந்த ஒரு மாலையில் அப்பா இறைவனில் இளைப்பாறினார். வீடு சத்தமில்லாமல் இருப்பது இன்னும் பழகவில்லை.

அடக்கத்துக்கு உடன் நின்ற பங்குத்தந்தைக்கும் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் எங்கள் நன்றி. அந்தக் குழந்தைகள் பிரிவின் டாக்டர்களும் செவிலியர்களும் இன்றைய நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கிறீர்கள். வளர்ந்துவிட்ட அவர் பேத்தியை உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கோவில் வாசலில் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்தது அவள்தான்.