ஐந்து முள் ஒயர்

அப்பாவின் டிரங்குப் பெட்டியை இன்று ஒழித்தபோது, சுருட்டி வைத்த ஐந்து முள் ஒயர் ஒன்று அகப்பட்டது. முகர்ந்தேன். எண்பதுகளில் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் ஒற்றை அறை முழுக்க இந்தச் சூடான பிளாஸ்டிக் வாடைதான். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த அப்பா, கட்டைகளே இல்லாத சவுண்ட் மாட்யூல் ஒன்று வாங்கியிருந்தார். இந்த ஒயர் வழியே கீபோர்டு சொல்லச் சொல்ல அது வயலினாக இழையும். ஹெட்போன் அவர் காதில் என்பதால் எங்களுக்குக் கேட்டதென்னவோ கட்டைகளின் டக்டக் மட்டும். தாளப்பெட்டியும் அதே ஒயரில்தான், ஆனால் வேறு சேனலில். மாட்யூலை ஒம்னி மோடில் போட்டால் தாளத்தின் சேனலையும் சேர்த்து எல்லாவற்றையும் அது வயலினாக வாசித்துவிடும் என்று அந்த மோடை அணைத்தே வைத்திருப்பார்.

சீத்தா கேம்ப் கல்யாணமொன்றில், அவர் டீ குடிக்கப் போன நேரம், சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்கும் ஆசையில் மாட்யூலின் ஒம்னி பட்டனை அழுத்தினேன். பாட்டு தொடங்கியதும் தாளத்தின் ஒவ்வொரு அடியும் வயலினாகக் கீச்சிட, பந்தலே சிரித்தது. அந்த ஆர்க்கெஸ்ட்ரா பிறகு அப்பாவைக் கூப்பிடவில்லை.

"நீ ஏம்ட்டி அழுத? ஒயருதான் கால வாரிட்டு" என்றார், அழுதுகொண்டிருந்த என்னிடம். கடைசிவரை எல்லோரிடமும் அதையேதான் சொன்னார்.

ஒயரில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது. அவர் கையெழுத்துதான்: நல்ல ஒயர்.