முருகன் அழித்த பொட்டு

என் வீட்டுக்காரர் செத்துப்போவார் என்று இரண்டு மாதமாகத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வியாதியில் சாவார் என்று நினைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிச் சாவார், வண்டியில் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அரிசி ஊறவைக்கும்போதும் அதே நினைப்பு. மாவு அரைக்கும்போதும் அதே நினைப்பு. அவர் பாட்டுக்கு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு போவார். நான் வாசலில் நின்று அழுவேன்.

எனக்கு நயமாகப் பேச வராது. சஷ்டி பூஜைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் என் வாய் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இந்தத் தீவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பத்துபஸ்தியில் இருக்கிறோம். விமானம் இறங்கினால் எங்கள் வீட்டுத் தட்டு ஆடும். நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் வீட்டுக்காரர் பெயர் தங்கவேலு. டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். வண்டி அவருடையது இல்லை, ஓனருடையது. சீசன் வந்துவிட்டால் காட்டைத் தாண்டிப் பாராடாங் ஓட்டம்தான். விடிவதற்கு முன்னால் கிளம்பி ஜிர்காட்டாங் கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கான்வாயாகப் போகும். அது ஜாரவா பழங்குடிகள் வாழும் காடு. உள்ளே நுழைந்துவிட்டால் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. போனும் எடுக்காது. அசதியாக இருக்கிறது, ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடுகிறேன் என்று எந்த டிரைவரும் அங்கே சொல்ல முடியாது. இதுதான் என் பயத்துக்குக் காரணம்.

அவருக்குத் தூக்கம் வருவது புதிதாக ஆரம்பித்தது. சாயங்காலமே படுத்துவிடுவார். குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படித் தூங்கியும் காலையில் தலைவலியோடுதான் எழுந்திருப்பார். சாப்பிடும்போது கண் சொருகும். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வார்த்தையில் தலை தொங்கும். நான் கண்ணேறு என்று நினைத்தேன். மிளகாய் சுற்றிப் போட்டேன். கஷாயம் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஓனர் புது வண்டி வாங்கினார். அதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கேமரா. ரோட்டைப் பார்க்கிற கேமரா இல்லை, டிரைவரைப் பார்க்கிற கேமரா. கண் மூடினாலோ தலை சாய்ந்தாலோ வண்டி கீச்கீச்சென்று கத்தும். காபிக் கோப்பைப் படம் காட்டி ஓய்வெடு என்று சொல்லும். அதோடு விடாது, ஓனர் போனுக்கும் சேதி போகும்.

முதல் வாரத்திலேயே மானம் போயிற்று. ஓனர் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்று, வண்டி ஓட்டுகிறாயா தூங்குகிறாயா என்று கேட்டார்.

"க்யா தங்கவேலு, காடி சலாதா ஹை, இல்ல சோதா ஹை? பாசஞ்சர் கம்ப்ளைண்ட் வந்தா நான் சாவியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

ஜிர்காட்டாங் வரிசையில் மற்ற டிரைவர்களும் விடவில்லை. பிஜு என்று ஒரு மலையாளி டிரைவர், நல்ல பையன், எங்கள் வீட்டில்தான் மாவு வாங்குவான். மாவு வாங்க வந்த இடத்தில், எல்லோர் முன்னாலும் அவனே சொன்னான்: "தங்கவேலு அண்ணா, உங்க காடி நம்ம அக்காவைவிட ஜாஸ்தி சில்லாதா ஹை!"

"என் சத்தத்துக்கே எழுந்திரிக்காத மனுஷன்டா, அது கத்தி என்ன ஆகப்போகுது?" என்று நானும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், "டிரைவர் தூங்குறான்னு பேர் வந்துட்டா இந்தத் தீவுல எவன்டி எனக்குச் சாவி குடுப்பான்?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் சந்தனம் குழைத்துக் கொடுத்தேன். அவர் பானெட்டுக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார். கடைசியாக அந்தக் கேமராக் கண்ணிலும் தடிமனாக ஒரு பொட்டு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எல்லா இடத்திலும் வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் வைத்தார். அதற்கு மறுநாளும். கோயில் சந்தனத்தை ஒரு டப்பியில் போட்டு வண்டியிலேயே வைத்துக்கொண்டார். தினமும் காலையில் முருகா என்று கும்பிட்டு அந்த இடத்தில் ஒரு பொட்டு.

வண்டி கத்துவது நின்றுவிட்டது.

எனக்கு அது மரைன் ஹில்லில்தான் புரிந்தது. அங்கே என் தங்கை வீடு இருக்கிறது. ஒரு மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். மேட்டிலிருந்து இறங்குகிறோம். கீழே துறைமுகம் தெரிகிறது. நான் ஏதோ கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் மூடியிருக்கிறது. வண்டி தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது. தொடையில் ஓங்கி அடித்தேன்.

"ஏங்க! கண்ணைத் தொறங்க!"

"தொறந்துதான்டி இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. இந்தக் காடி கத்துமே, ஏன் கத்தலை?"

அவர் சிரித்தார். "முருகன் அது வாயை மூடிட்டாரு."

அப்போதுதான் அந்தப் பொட்டைப் பார்த்தேன். வழித்துப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாமி சந்தனம்டி. கைய வெச்சு அழிச்சா குடும்பம் விளங்குமா?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் எடுத்திருப்பீர்கள். சாமிக்கு வைத்த சந்தனத்தை அழிக்க நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? ஓனருக்கே வரவில்லை. அதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் இதைத் தெரிந்துதான் செய்தார். துணியை ஒட்டியிருந்தால் யாராவது பிய்த்திருப்பார்கள். சாமியைக் கொண்டுபோய் ஒட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். "தூக்கம் வருதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா சிரிப்பாங்க" என்றார். ஓனர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார்: "அபி சப் டீக் ஹை, பாபி. ஒரு அலர்ட்கூட வர்றதில்லை. உங்க ஆளு சுதர் கயா!" எல்லாம் சரியாகிவிட்டதாம், ஆள் திருந்திவிட்டாராம். உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். எதையும் அடக்காத என் வாய் அன்று அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வருகிற வழியில் முருகன் கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே கோபம். சந்நிதியில் கை கூப்பவில்லை. சண்டைதான் போட்டேன்.

"உன் பேரைச் சொல்லித்தான் அந்த ஆள் தூங்குறான். உன் சந்தனத்தை வெச்சுத்தான் மறைச்சு வெச்சிருக்கான். உனக்கு வெக்கமா இல்ல? நான் அழிக்க மாட்டேன், எனக்குப் பயம். உன் பொட்டு, நீயே அழி. நாளைக்கே அழி. இதுக்கு நான் பால்குடம் எடுக்க மாட்டேன், மொட்டை போட மாட்டேன், ஒண்ணும் தர மாட்டேன். அந்த ஆள் செத்தா உன் வாசல்ல நான் கால் வெக்க மாட்டேன்."

அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். அழுகை நின்றபிறகுதான் வெளியே வந்தேன். மனசு லேசாகவில்லை. சாமி கும்பிட்டால் லேசாகும் என்பார்கள். எனக்குக் கல்லாகத்தான் இருந்தது.

மறுநாள் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாராடாங் கிளம்பினார். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். அப்படி ஒரு மழை. ஐப்பசி மழை, விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே கொட்டாகக் கொட்டியது. அவர் காட்டுக்குள் போனதும் போன் செத்துவிட்டது. அது வழக்கம்தான். பாராடாங் போனதும் கூப்பிடுவார். அன்று கூப்பிடுகிற நேரம் தாண்டியது. நான் கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன்.

பிஜு வந்தான். அன்று அவனுக்கு ஓட்டம் இல்லை. நனைந்துகொண்டே வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா, பயப்படாதீங்க. கான்வாய்ல ஒரு வெள்ளை காடி ரோட்டை விட்டு இறங்கிடுச்சுன்னு எதிர்ல வந்த பஸ் டிரைவர் சொல்றான்."

"நம்பர் என்ன?"

"நம்பர் பார்க்கலையாம். அங்கே பஸ்ஸை நிறுத்த முடியாதே."

"ஆளுக்கு என்ன ஆச்சு?"

"மாலும் நஹி, தெரியலை அக்கா."

இந்த ஊரில் டூரிஸ்ட் கார் எல்லாமே வெள்ளைதான். ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மாவு வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கிரைண்டர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. காலேஜில் இருக்கும் என் மகளுக்கு என்ன சொல்வது? அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு என்ன சொல்வது? சுவரில் இருந்த முருகன் படத்தைத் திருப்பி வைத்தேன். ஆமாம், திருப்பி வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பிஜு மட்டும் போகாமல் மழையிலேயே நின்றான்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கக் கை வரவில்லை. பிஜுதான் எடுத்து என் காதில் வைத்தான்.

"சந்தனம் போயிடுச்சுடி" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருடைய குரலேதான். அவர் அழுது அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். மழையில் முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கிறது. நிறுத்தித் துடைக்க முடியாது, கான்வாய். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓட்டிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். அன்று ஈரக்காற்றில் சந்தனம் காயவே இல்லை. துண்டின் நுனி பட்டு முழுசாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் தூங்கிவிட்டார். வண்டி கத்தியது. வெகு நாளாகக் கேட்காத சத்தம், தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கண்ணைத் திறந்தால் இடது பக்கச் சக்கரம் இரண்டும் தாரை விட்டுச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சரிவு. பிரேக்கை மிதித்தார். வண்டி விளிம்பில் நின்றது. பின்னால் இருந்த குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

கான்வாயோடு வந்த போலீஸ்காரர் திட்டினாராம். வண்டியை ரோட்டில் ஏற்றிவிட்டு, இங்கே நிற்கக் கூடாது, ஓட்டிக்கொண்டு போ என்று குற்றவாளியை விரட்டுவது போல விரட்டினாராம். மிச்சத் தூரம் முழுக்க அந்தக் கேமரா அவரைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. பாராடாங் போய்ச் சேர்ந்ததும் சாவியைப் பயணிகள் முன்னாலேயே இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். படகுத்துறையில் உட்கார்ந்துதான் துண்டைப் பார்த்திருக்கிறார். சந்தனமும் குங்குமமும் அதில் அப்பியிருந்தது. அவர் போன் மழையில் நனைந்து நின்றுபோனதால் வேறு ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டார்.

முந்தின நாள் நான் சந்நிதியில் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கேட்டவன் ஒருவன்தான். உன் பொட்டு, நீயே அழி என்றேன். நாளைக்கே அழி என்றேன். மழை, ஆவி, ஈரக்காற்று என்று காரணம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னோடு வாதாட வராதீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இழுக்கவில்லை, தானாக வந்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். எவ்வளவு நேரம் படுத்தாலும் உடம்பு தூங்குவதே இல்லையாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. மூக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு மிஷினோடு இப்போது தூங்குகிறார். பார்க்க யானை மாதிரி இருக்கிறது, நான் சிரித்தால் திட்டுகிறார். ஓனரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். ஓனர் கத்தினார், சாவியை வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கொஞ்ச காலம் வீட்டில் மாவு அரைத்தார். டாக்டர் சரி என்று சொன்னபிறகு ஓனரே கூப்பிட்டார். இப்போது ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறார், ஏர்போர்ட், துறைமுகம் என்று. காலையில் பொட்டு வைக்கிறார், பானெட்டில். கேமராவைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முருகனை நம்புங்கள். அவனிடம் அழகாகப் பேசத் தெரியவில்லை என்றால் என்னைப் போலச் சண்டை போடுங்கள், அதையும் கேட்கிறான். ஆனால் அவனைக் கொண்டுபோய் எச்சரிக்கை மேல் ஒட்டாதீர்கள். உங்கள் வண்டி கத்தினால் சத்தத்தை நிறுத்த வழி தேடாதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். தூங்கியும் தீரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். வெட்கப்படாதீர்கள். வெட்கம்தான் என் புருஷனைச் சரிவு வரைக்கும் கொண்டுபோனது.

ஒன்றும் தர மாட்டேன் என்று சொன்னவள் நான். சொன்ன சொல்லை மாற்றவில்லை, பால்குடம் எடுக்கவில்லை. சுவரில் படத்தை மட்டும் நேராகத் திருப்பி வைத்தேன். பிறகு வண்டியில் இருந்த சந்தன டப்பியைக் கொண்டுபோய் அர்ச்சகரிடம் கொடுத்தேன். அது கோயில் சந்தனம்தான். அவர் அதைக் குழைத்து முருகன் நெற்றியில் வைத்தார். கை கூப்பிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.