நகுலேஸ்வரனின் கார் குடித்த தண்ணீர்

காரைப்பற்றி நகுலேஸ்வரனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படிச் சொன்னவர் வேறு யாருமல்ல, நகுலேஸ்வரன்தான். யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில், பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத நாட்களில், மண்ணெண்ணெயில் வாடகைக் கார் ஓட்டிய மனிதர். அந்தப் பெருமையோடு இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து, இருபத்திரண்டு வருடமாக மாடிப்படி துடைக்கிறார்.

சீசா என்ற பகுதியில் மட்டும் எட்டுக் கட்டடம். ஐம்பத்தொன்பது வயதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. குனிந்தால் நிமிர்வது பெரும் பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் அதில் ஒரு கட்டடத்தில் குடியிருந்த கிழவி கொஸ்தான்சாவுக்கு, மரியாதையாகச் சொன்னால் சிஞோராவுக்கு, சொந்தக் கார் வைத்திருக்கும் ஒரு சாரதி தேவைப்பட்டது. கிழமை நாட்களில் டொக்டர், சந்தை; ஞாயிறுகளில் பெல்லெக்ரீனோ மலையில் சாந்த ரொசாலியா கோயில். முறையான ஒப்பந்தமும் உண்டு. இருந்தபடி செய்யும் வேலை! நகுலேஸ்வரனுக்கு நித்திரையே வரவில்லை. "வருகிற ஞாயிறு ஒருமுறை மலைக்குக் கூட்டிப்போ, பார்க்கலாம்" என்றிருந்தார் சிஞோரா.

காரை அவர் கவனிக்கும் விதமே தனி. விடிந்ததும், பல் தீட்ட முன்னமே, ரேடியேட்டர் மூடியைத் திறந்து குழாய்த் தண்ணீர் ஊற்றுவார். ஊரில் சாரதிமார் எல்லோரும் செய்த வேலை அது. ஊற்றிவிட்டு, "வடிவாத் தண்ணி குடிக்குது" என்று பிள்ளைக்குப் பால் கொடுத்த தாய்போலப் பூரிப்பார்.

மனைவி இராசேஸ்வரியும் மூன்று கட்டடம் துடைப்பவள்; இத்தாலிய மொழியில் பரீட்சை எழுதி, மூன்றாவது முறையில் லைசென்ஸ் எடுத்தவள். அவரோ ஊர் லைசென்ஸைக் கொடுத்து மாற்றிக்கொண்டவர். ஆனாலும் ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுக்க அவருக்கு மனம் வந்ததேயில்லை.

"இஞ்சாருங்கோ, இந்தக் காலத்துக் கார் தண்ணி குடிக்கக்கூடாது. குடிக்குதெண்டால் எங்கையோ ஒழுகுது. புத்தகத்திலை படிச்சனான்."

"புத்தகமோ! நான் ஓடின காருக்கு எந்தப் புத்தகம் இருந்தது?"

"கூலண்ட் விடச்சொல்லி மெக்கானிக்கும் சொன்னவரெல்லே?"

"அது உறையாமல் இருக்க விடுறது. இஞ்சை என்ன பனியே கொட்டுது? நீர் பேசாமல் இரும்."

அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஆனால் சொன்னது சரி. எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ஓடிவரும் திரவம், முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் புகுந்து, காற்றில் ஆறி, மறுபடி சூடு வாங்கப் போகிறது. அந்தத் திரவமாக விடுகிற கூலண்ட் பனிக்கு மட்டுமா? அது தண்ணீரைவிடச் சுணங்கிக் கொதிக்கும், துருப்பிடிக்கவும் விடாது. பலேர்மோக் குழாய்த் தண்ணீரோ கேத்திலிலேயே வெள்ளைப் படை கட்டும். கார் வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடம் அதையே ஊற்றினால் அந்தச் சின்னக் குழாய்கள் என்னத்துக்கு ஆகும்?

யூலை மாத ஞாயிறு வந்தது. சிஞோரா பின்னால், அவரைக் கைத்தாங்கலாக நடத்த வந்த இராசேஸ்வரி முன்னால். மூன்றாவது வளைவிலேயே அவள் கண் வெப்பமானியில் நின்றது.

"ஊசி சிவப்புக்குப் போகுதப்பா."

"ஏத்தமெல்லே, அப்பிடித்தான் போகும்."

ஐந்தாவது வளைவில் கார் புகைந்தது. நகுலேஸ்வரன் பாய்ந்து இறங்கி, பொனெற்றைத் தூக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைத்தார். இராசேஸ்வரி ஓடிவந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"விடுங்கோ! உள்ளுக்கை அமுக்கத்திலை கொதிச்சுக்கொண்டு நிக்குது. திறந்தால் முகம் அவிஞ்சு போகும்! ஆறட்டும்."

அவள் பிடியை விடவில்லை. பயம்தான். அதைக் கண்டதும் அவரும் கையை எடுத்துவிட்டார்.

சிஞோரா பொல்லை ஊன்றி இறங்கி, என்ன நடந்தது என்று கேட்டார். வேலை கைநழுவுகிறதே என்ற பதைப்பில் நகுலேஸ்வரன் முந்திக்கொண்டார்: "நான் ஒரு குறையும் வைக்கவில்லை, சிஞோரா. ஒவ்வொரு காலையும் குழாய்த் தண்ணீர். ஒரு நாள் தவறியதில்லை!"

சிஞோரா இராசேஸ்வரியைப் பார்த்தார். அவள் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் ஒழுக்கு, வெள்ளைப் படை, அமுக்கம் எல்லாவற்றையும் மெதுவாக விளங்கப்படுத்தினாள்.

"உனக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார் சிஞோரா.

"இருக்கிறது."

"அப்படியானால் ரேடியேட்டரை மாற்று. அடுத்த ஞாயிறு நீ ஓட்டிக்கொண்டு வா."

ஒப்பந்தம் இராசேஸ்வரியின் பெயரில் வந்தது. "கார் என்ரைதானே" என்று வுச்சீரியா சந்தையில் கண்ட சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் நகுலேஸ்வரன். திங்கட்கிழமைதான் விஷயம் விளங்கியது. இராசேஸ்வரி சாரதியாகப் போய்விட்டால், அவள் துடைத்த மூன்று கட்டடத்தை யார் துடைப்பது? வேறு ஆளா வரும்?

அதில் முதலாவது ஆறு மாடி, லிஃப்ட் இல்லை. இராசேஸ்வரி அவரை வாசலில் இறக்கி, வாளியையும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் மனம் கேட்கவில்லை.

"ஆறுதலாச் செய்யுங்கோ. பின்னேரம் வந்து ஏத்துறன். நாளைக்கு விடியக் காரிலை ஒண்டையும் தொட்டுப்போடாதேங்கோ."

"ஓம்" என்றார் நகுலேஸ்வரன். கல்யாணம் முடித்து முப்பது வருடத்தில், மறுபேச்சில்லாமல் அவர் அவளுக்குச் சொன்ன முதல் ஓம் அது.