மான் இறைச்சியில் தேடிய ஈயம்

ஸ்ரௌவ்வில் நகரிலுள்ள எங்கள் வீட்டில் மகள் பிறந்தநாள் கேக்கின் மெழுகுதிரிகளை ஊதி அணைத்ததும் எழுந்த புகை, சிறுவயதில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தள்ளப்பட்டுவிட்ட மல்வேர்ன் வரிசைவீட்டின் பின்வளவுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் காஸ் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, பழைய கார்ச் சில்லுகளில் எடை சமன்செய்யப் பொருத்தியிருந்த ஈயக்கட்டிகளைக் கழற்றி உருக்கி, அழுக்குப் பிரிந்து மேலே வர அதற்குள் ஒரு மெழுகுதிரித் துண்டைப் போடுவார். இதே மணம் கிளம்பும். மேலே திரளும் கறுத்த அழுக்கைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, கண்ணாடிபோல் மினுங்கும் மிச்சத்தை அச்சில் ஊற்றுவார். சற்றைக்கெல்லாம் துவக்கில் போட்டுச் சுடும் சன்னங்கள் டக், டக்கென்று தகரப்பேணிக்குள் விழும். அந்தச் சத்தம் கேட்டாலே அம்மா என்னை உள்ளே இழுத்து, கதவைப் பூட்டி, திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அந்தாள் மான் வேட்டைக்குப் போறவர். இஞ்ச உது வழமைதானப்பா," என்பார் அப்பா.

"ஓம், எங்கட ஊரிலயும் முதல்ல எல்லாரும் பண்டி சுடத்தான் துவக்கு எண்டவை," என்பாள் அம்மா.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் கிழவர் சிரித்தபடி ஒரு பொதி மான் இறைச்சி கொண்டுவந்து தந்தார். அம்மாவும் சிரித்தபடி வாங்கினாள். பிறகு குசினி விளக்கின் கீழ் இருந்து, ஒவ்வொரு துண்டாக விரலால் பிதுக்கி, கிழித்து, ஈயம் கிடக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தாள்; கடைசியில் சட்டிக்குள் போனது வெறும் கொத்திறைச்சிதான்.

"பாத்தீரே, ஒண்டுமில்லை," என்று அப்பா நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தார்.

அம்மா கிழவர் வீட்டுப் பக்க யன்னலைப் பார்த்தாள்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். அப்ப அந்தாள் உருக்கி ஊத்தின அவ்வளவு ஈயமும் எங்க போனது?"