ஓட மறுத்த கன்னியம்மா

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் எந்த நேரமும் கரையிறங்குவான் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பியது. வழியில் இருந்த குமணன்சாவடியில் வண்டிகள் நகர இடமில்லை.

அங்கே நாடகக் கொட்டகை போட்டிருந்த ஆனந்தன் அந்தப் பயத்தையே நாடகமாக்கினார். ஜப்பான் சிப்பாய் ஊருக்குள் பாய்வான், பெண்கள் அலறிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவதற்குக் கூலிக்கு வந்தவர்களில் ஒருத்தி, பக்கத்து அயனம்பாக்கத்தில் கழனி வேலை செய்யும் கன்னியம்மா.

அவள் புருஷன் தங்கவேல் பர்மாவில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சண்டை வந்ததும் காடும் மலையுமாக நடந்து, பாதமெல்லாம் புண்ணாகி, போன மாதம்தான் வீடு சேர்ந்திருந்தான்.

மூன்று நாள் கன்னியம்மா அலறினாள், ஓடினாள். நாடகம் பார்த்த ஜனங்கள் மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பூங்காவனமும் சட்டிபானையைக் கட்டினாள். கன்னியம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் சிப்பாய் வேஷத்தில் எத்திராஜ் பாய்ந்தான். மற்ற பெண்கள் ஓடினார்கள். அவள் நகரவில்லை.

"ஓடு, கன்னியம்மா!" என்று எத்திராஜ் பல்லைக் கடித்தான்.

"எங்க ஓடச் சொல்றே? இது எங்க ஊரு. நீ ஓடு!"

மரத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பினாள். "ரங்கூன்ல மொதல்ல ஓடினவன் வெள்ளைக்காரன். என் புருஷன் கண்ணால பாத்துட்டு வந்துகீறாரு. அவனுங்க கிளப்பிவுட்ற பயத்துக்கு நாம இன்னாத்துக்கு ஓடணும்?"

கொட்டகையில் விசில் பறந்தது.

விடிந்ததும் போலீஸ் வந்து அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது. நாடகமும் நின்றது.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!" என்று ஆனந்தன் ஸ்டேஷனுக்கே வந்து கத்தினார்.

"எங்க ஊரையே காலி பண்ணிகினு இருந்தியே, அதுக்கு இன்னா சொல்றே?" என்றாள் அவள்.

இனி சர்க்காரைப் பற்றிப் பேசமாட்டேன் என்று எழுதி, கைநாட்டு வைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"நடந்ததைத்தானே சொன்னேன்? வைக்கமாட்டேன், சாமி."

மிரட்டிப் பார்த்தார். பொழுது சாயும்வரை தரையில் உட்காரவைத்தார். அவள் கட்டைவிரலை மடக்கியே வைத்திருந்தாள். வாசலில் அயனம்பாக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவள் பூங்காவனம். கடைசியில், "போய்த் தொலை" என்று இன்ஸ்பெக்டர் அவளை விட்டுவிட்டார்.

"நீ கிளம்பலியா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"மூட்டையப் பிரிச்சிட்டேன்" என்றாள் பூங்காவனம்.

மறுநாள் காலையில் இருவரும் ஏரிக்கரைக் கழனியில் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.